ஆள்கடத்தலா, ஆள்வணிகமா?

(இணையக் கலைக்களஞ்சியத்திற்குத் தமிழில் கட்டுரை எழுத முன்வந்த இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



களஞ்சியப் பணி தமிழர்க்குப் புதிதன்று. 1902ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளை ‘அபிதான கோசம்’ வெளியிட்டார். 1910இல் சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வெளிவந்தது. இரண்டின் பெயரும் வடமொழி. உள்ளே கொட்டிக் கிடப்பதோ தமிழுழைப்பு. பின்னர், பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் கொணர்ந்தது. அவர்களுக்கெல்லாம் வாய்க்காத ஓர் ஏந்து நமக்கு வாய்த்திருக்கிறது. அச்சேறிய தொகுதியில் புகுந்த பிழை அடுத்த பதிப்பு வருமட்டும் பிழையாகவே நிற்கும். இணையக் களஞ்சியத்திலோ இன்று கண்ட குறையை இன்றே களையலாம்.

அவ்வாறு நாம் கைவைத்துச் செப்பஞ்செய்ய வேண்டிய கட்டுரைகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். அது ‘ஆள்கடத்தல்’ என்னும் கட்டுரை. மலரைப் பற்றியோ மன்னரைப் பற்றியோ எழுதிய கட்டுரையில் குறை இருப்பின் படிப்பவன் அறிவு சற்றுக் குறைபடும், அவ்வளவே. இக்கட்டுரையில் குறை இருப்பின் ஆள் கெடும். எப்படி என்கிறீர்களா?

2018ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் ‘பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது’ என்னும் புரளி கைப்பேசிவழி ஊரூராய்ப் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூரை அடுத்த பகுதியில், குலக்கோயில் வழிபாட்டுக்குச் சென்ற குடும்பத்தார் வழியில் கண்ட பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தனர். அதனையே சான்றாகக் கொண்டு கூட்டம் திரண்டு அடித்தது. அறுபது அகவை கடந்த மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். ஏறத்தாழ அதே நாளில் பழவேற்காட்டில் ஓர் ஆள் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார்.

அடித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காப்பதாகவே எண்ணினர். அவர்கள் உள்ளத்தில் ஆள்கடத்தலுக்கு ஒரே ஒரு வடிவந்தான் இருந்தது. முன்பின் அறியாதவன், பேச்சு விளங்காதவன், பிள்ளையைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுகிறவன். அவ்வடிவத்திற்குச் சற்றே ஒத்தவர் எதிர்ப்பட்டதும் கை ஓங்கிற்று. அத்தகைய ஊர்களுக்கே முன்பணத்தோடு வருகின்ற தரகனோ, திண்ணையில் அமர்ந்து, மோர் வாங்கிக் குடித்து, உறவுமுறை சொல்லி அழைத்து, நான்கு குடும்பங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான். அவனை ஒருவரும் ஐயுறுவதில்லை. கையசைத்து வழியனுப்பி வைப்பார்கள். அவனையும் அடியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அடையாளம் காணுங்கள் என்கிறேன். களஞ்சியக் கட்டுரையின் முதற்கடமை அந்தப் பைக்காரன் வடிவத்தை உடைத்து, இந்தத் திண்ணைக்காரன் வடிவத்தைக் காட்டுவதே.

இனித் தலைச்சொல்லுக்கு வருவோம். ‘கட’ என்பது அடி. கடத்தல் என்பது கடந்து செல்லச் செய்தல். காலங்கடத்துதல், மின்கடத்தி என்னும் ஆட்சிகளை நோக்குக. தூய தமிழ்ச்சொல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தூய சொல்லெல்லாம் பொருந்திய சொல் ஆகிவிடாது. இன்றைய வழக்கில் இவ்வொரு சொல் மூன்று வேறு குற்றங்களைச் சுமந்து தள்ளாடுகிறது. ஒருவனை வலிந்து தூக்கிச் செல்வது ஒன்று. கூலி பெற்றுக்கொண்டு ஒருவனை ஆவணமின்றி நாட்டெல்லை தாண்டுவிப்பது மற்றொன்று. பிறர் சுரண்டலுக்கென ஆள்களைத் திரட்டுவதும் கைமாற்றுவதும் வைத்திருப்பதும் மூன்றாவது. இரண்டாவதில், கடக்கிறவனே பணம் கொடுத்துக் கடக்கிறான். குற்றம் நாட்டின் எல்லைச் சட்டத்திற்கு எதிரானது. அக்கரை சேர்ந்ததும் கடத்தியவனுக்கும் அவனுக்கும் உள்ள தொடர்பு அற்றுவிடும். மூன்றாவதில் குற்றம் ஆளுக்கே எதிரானது. சேருமிடம் சேர்ந்த பின்னரே அதன் கொடுமை தொடங்கும். இரண்டாவதாகத் தொடங்கி மூன்றாவதாக முடிவதும் உண்டு. அதனாலேயே இரண்டையும் பிரித்துக் காட்டும் பத்தி ஒன்று கட்டுரையில் இன்றியமையாதது.

ஆங்கிலத்தார் இம்மூன்றற்கும் மூன்று தனிச்சொற்களை வைத்துள்ளனர். மூன்றாவதற்கு அவர்கள் ஆளும் சொல்லின் பழம்பொருள் வணிகம் என்பதே. நம்மவரோ மூன்றையும் ‘கடத்தல்’ என்று ஒரே சாக்கில் கட்டிவிட்டனர். ‘மனிதக் கடத்தல்’ என்று எழுதுவோரும் உளர். மனிதன் என்பதை விட்டு மாந்தன் என்று திருத்திவிட்டால் நம் பணி முடிந்தது என்று நினைப்பவர் இவ்வவையில் இருக்கலாம். அது பாதித் திருத்தமே. பெருங்குறை முன்சொல்லில் இல்லை, பின்சொல்லில் இருக்கிறது. ஆகலின் ‘ஆள்வணிகம்’ என்று தலைப்பிடுக என்பது என் கருத்து. அதுவும் முழுநிறைவான சொல் அன்று. விலை பேசாமலும் இக்குற்றம் நிகழும். ஆயினும் கடத்தல் என்னுஞ் சொல் கண்ணை மறைக்கும் அளவுக்கு இது மறைப்பதில்லை. தேடுவோர் பலரும் ஆள்கடத்தல் என்றே தேடுவர். அச்சொல்லைத் துரத்திவிடாமல், அதனால் தேடுவோரும் இக்கட்டுரைக்கே வந்துசேருமாறு வழிமாற்று அமைத்திடுக.

தலைச்சொல்லை அடுத்து வரையறை. ஒன்றிய நாடுகள் பேரவை 2000ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்று, இத்தாலி நாட்டுப் பலேர்மோ நகரில் கையெழுத்திற்கு வைத்த நெறிமுறை, இக்குற்றத்தை மூன்று உறுப்புகளாக வகுக்கிறது. செயல், வழி, நோக்கம் என்பன அவை. திரட்டுதல், கொண்டுசெல்லுதல், கைமாற்றுதல், தங்கவைத்தல், ஏற்றுக்கொள்ளுதல் ஆகியன செயல். அச்சுறுத்தல், வன்முறை, தூக்கிச்செல்லுதல், ஏமாற்று, ஒருவரது கையறுநிலையைப் பயன்படுத்தல், அவர்மேல் ஆளுமையுடைய மற்றொருவருக்குப் பணம் கொடுத்து இசைவு பெறுதல் ஆகியன வழி. சுரண்டல் நோக்கம். இந்தியா 2011ஆம் ஆண்டு இந்நெறிமுறைக்கு முழு ஏற்பளித்தது. தூக்கிச்செல்லுதல் என்பது இப்பட்டியலில் பல வழிகளுள் ஒன்றாக மட்டுமே நிற்பதை நோக்குக. நம் செய்தித்தாள்கள் அந்த ஒன்றையே முழுமையாக்கிவிட்டன.

சட்டச் சொற்றொடர்களை அப்படியே அடுக்கினால் படிப்பவன் இரண்டாம் வரியில் கட்டுரையை மூடிவிடுவான். முதற்பத்தி இவ்வாறு அமையலாம் என்று எழுதிக் கொணர்ந்துள்ளேன்; கேளுங்கள். ‘ஆள்வணிகம் (ஆள்கடத்தல் எனவும் வழங்கும்) என்பது, ஒருவரைச் சுரண்டும் நோக்குடன், அச்சுறுத்தியோ ஏமாற்றியோ அவரது கையறுநிலையைப் பயன்படுத்தியோ அவரைத் திரட்டுவதும் கொண்டுசெல்வதும் கைமாற்றுவதும் தங்கவைப்பதும் ஏற்றுக்கொள்வதும் ஆகிய குற்றம். அவ்வழிகளால் பெற்ற இசைவு இசைவாகாது. பதினெட்டு அகவை நிரம்பாதவராயின், ஏமாற்றோ அச்சுறுத்தலோ இல்லையெனினும் குற்றமே. நாட்டெல்லையோ ஊரெல்லையோ கடந்திருக்க வேண்டுவதில்லை.’ இதனினும் எளிதாக எழுத வல்லவர் உங்களுள் இருப்பின் இதனைக் கிழித்தெறிந்துவிட்டு எழுதுங்கள். ஆனால் அந்த நான்கு செய்திகளுள் ஒன்றும் விடுபடலாகாது.

இசைவு பற்றிய வரியை ஏன் அழுத்துகிறேன் என்றால், ‘அவளாகத்தானே போனாள்’, ‘கைந்நீட்டிப் பணம் வாங்கினானல்லவா’ என்னும் இரண்டு தொடர்களாலேயே எத்தனையோ முறையீடுகள் எழுதப்படாமல் திருப்பி அனுப்பப்படுகின்றன. 1982ஆம் ஆண்டு, ஆசிய விளையாட்டுகளுக்கான கட்டடப் பணியாளர் வழக்கில் இந்திய உச்ச அறமன்றம் ஒன்றைத் தெளிவாக்கிற்று. சட்டம் வகுத்த குறைந்த அளவுக் கூலிக்கும் கீழே ஒருவன் உழைக்கிறான் என்றால் அவ்வுழைப்பு கட்டாய உழைப்பே. பசியும் வறுமையும் துரத்துவதும் வல்லந்தமே என்றது. அரசமைப்பின் 23ஆம் பிரிவுக்கு அம்மன்று தந்த அவ்விளக்கம் தமிழ்க் கட்டுரையில் இடம்பெற வேண்டும்.

அடுத்தது வரலாற்றுப் பகுதி. 1904ஆம் ஆண்டு ஐரோப்பிய அரசுகள் இக்குற்றத்திற்கு எதிராக முதற் பன்னாட்டு உடன்பாடு செய்துகொண்டன. அதன் பெயர் என்ன தெரியுமா? ‘வெள்ளை அடிமை’ வணிகத்தை ஒடுக்கும் உடன்பாடு. வெள்ளைப் பெண்ணை விற்றால்தான் அவர்களுக்குக் குற்றமாகத் தெரிந்தது. அதே 1904இல் சென்னைத் துறைமுகத்தினின்று நேட்டாலுக்கும் பீசித் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாய்த் தமிழர் கப்பலேற்றப்பட்டுக் கொண்டிருந்தனர். அரசு உரிமத்தோடு, அரசு முத்திரையோடு! 1860 நவம்பரில் ‘துரூரோ’ என்னும் கப்பல் சென்னையினின்று தர்பனில் கொண்டுபோய் இறக்கியவர்களில் தொடங்கிய அவ்வோட்டம் நேட்டாலுக்கு 1911 வரை நடந்தது. 1921ஆம் ஆண்டு உடன்படிக்கையில்தான் ‘வெள்ளை’ என்னும் சொல் நீங்கிற்று.

ஆயின் ஒப்பந்தக் கூலிமுறை முழுவதையும் ஆள்வணிகம் என்று ஒரே வீச்சில் எழுதிவிடலாமா? கூடாது. விரும்பிப் போனவர் இருந்தனர். ஒப்பந்தம் முடித்து நிலம் வாங்கியவர் இருந்தனர். ஏமாற்றப்பட்டவரும் கசையடி பட்டவரும் இருந்தனர். வரலாற்றாசிரியர் கருத்து வேறுபடுமிடத்தில் வேறுபாட்டையே எழுதுக. நம் சினத்தை மேடைக்கு வைத்துக்கொள்வோம்.

ஈழத்து மலையகத் தேயிலைத் தோட்ட வரலாற்றில் ‘துண்டு’ என்னும் முறை ஒன்று இருந்தது. தமிழ்நாட்டினின்று ஆள் திரட்டிச் சென்றவன் கங்காணி. பெரும்பாலும் அவன் அயலான் அல்லன். அதே ஊரான், சில வேளை உறவினன். வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்திற்கு ஆள்கள் போக வேண்டுமாயின், ‘இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன்’ என்று பழைய தோட்டத்துரை ஒரு சீட்டு எழுதித் தருவான். அதுதான் துண்டு. புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆள்களை ஏற்றுக்கொள்வான். கைமாறியது காகிதத் துண்டு. நடந்து போனவர்கள் மாந்தர். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பலேர்மோ நெறிமுறையின் ‘கைமாற்றுதல்’ என்னுஞ் சொல்லை நம் மக்களுக்கு விளக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டு உண்டா? மேனாட்டுக் களஞ்சியத்தைப் பார்த்துப் படியெடுப்பவனுக்கு இது கிடைக்காது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் மலேயாத் தோட்டங்களினின்று சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குச் சப்பானியர் கொண்டுபோய் மாளவிட்ட பல்லாயிரம் தமிழர் கதையும் இப்பகுதிக்கு உரியதே.

தோழர்களே! நம்மவர் பட்ட துயரை எழுதுவதோடு நாம் நின்றுவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். இப்பொழுது சொல்லப்போவது சிலர் செவிக்கு இனிக்காது. மேற்கு ஒடிசாவின் போலாங்கிர், நுவாபடா பகுதிகளில், அறுவடைத் திருவிழா முடிந்ததும் தரகர் முன்பணத்தோடு இறங்குவர். கணவன், மனைவி, பிள்ளை ஆகிய மூவரை ஓர் அலகாகக் கணக்கிட்டு முன்பணம் தரப்படும். கோடைமுடிய ஆறேழு மாதம் செங்கல் அறுக்க வேண்டும். ஆயிரங் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. கணக்கு நோட்டு முதலாளியிடம். அவர்கள் கொண்டு செல்லப்படும் இடங்களுள் நம் சென்னையைச் சூழ்ந்த செங்கற்சூளைகளும் உள்ளன. வடவர் வந்து குவிகின்றனர் என்று கூட்டங்களில் முழங்குகின்றோமே, அவருள் ஒரு பகுதியினர் வந்தவர் அல்லர், கொண்டுவரப்பட்டவர். கொண்டுவரச் செய்தவன் தமிழ் பேசும் முதலாளி. அவர்கள் அறுத்த கல்லில் எழுந்த சுவருக்குள் நாம் தமிழ் வாழ்க என்கிறோம்.

அயலவர் மட்டுமா? நம் மண்ணின் முதுகுடிகளான இருளர், அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் தலைமுறையாய்க் கட்டுண்டு கிடந்தவர். 2019 சூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களினின்று பிள்ளைகள் உட்பட 42 பேர் மீட்கப்பட்டனர். அவர்களுட் சிலர் பட்டிருந்த கடன் ஆயிரம் உருபா அளவே. முதியவர் ஒருவர் அலுவலரின் காலில் விழுந்த படம் அன்று நாடெங்கும் வெளிவந்தது. அப்படத்தைக் கட்டுரையில் இடாதீர்கள். மீட்கப்பட்டவர் முகமும் பெயரும் ஊரும் களஞ்சியத்திற்கு வேண்டுவன அல்ல.

நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ பற்றி நீங்கள் அறிவீர்கள். ஏழைக் குடும்பத்து இளம்பெண்களை மூன்றாண்டுக்கு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணத்திற்கென ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்வது. இடையில் நோயுற்று வெளியேறினால் அத்தொகை கைக்கு வாராது போகும். கூலியைப் பிடித்து வைப்பதே இங்குப் பூட்டு. பெயரைப் பாருங்கள்! மங்கலப் பெயராக ஒன்றை வடமொழியில் சூட்டிவிட்டால் அப்பன் மறுபேச்சின்றிக் கையெழுத்திடுவான் என்று கணக்கிட்டிருக்கின்றனர். சொல்லால் மக்களை ஏமாற்றுவதற்கு இதனைப் போல் சான்று வேறு வேண்டா.

சிறுநீரக விற்பனையும் இதன் கிளையே. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் வருமுன்னரே சென்னை வில்லிவாக்கத்திற்கு அத்தொழிலால் ஓர் இழிபெயர் ஏற்பட்டிருந்தது. ஒரு பத்தி போதும்.

படித்த இளைஞர் சிக்கும் புதுவலை ஒன்றைச் சற்று விரித்து எழுத வேண்டும். தாய்லாந்தில் கணிப்பொறி வேலை என்று விளம்பரம். பாங்காக்கில் இறங்கியதும் வண்டியில் ஏற்றி, ஆற்றைக் கடத்தி, மியன்மாவின் மியாவடிப் பகுதியில் மதில் சூழ்ந்த வளாகங்களில் அடைப்பர். அங்குக் கைப்பேசியில் அயல்நாட்டாரை ஏமாற்றிப் பணம் பறிப்பதே வேலை. மறுத்தால் அடி, மின்னதிர்ச்சி. 2022 அக்தோபரில் அங்கிருந்து மீண்ட தமிழர் 13 பேர் சென்னை வந்திறங்கினர். மியன்மாவில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இவ்வாறு சிக்கியிருக்கக்கூடும் என 2023இல் ஒன்றிய நாடுகளின் மாந்த உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. வற்புறுத்தலால் குற்றஞ் செய்தவனைக் குற்றவாளியாக நடத்தலாகாது என்னும் பன்னாட்டு நெறியை இங்கே எழுதுக. திரும்பி வந்த பிள்ளையை ஊரார் ‘ஏமாற்றுக்காரன்’ என்று ஒதுக்கும் நிலை நேரலாகாது.

சட்டப் பகுதியில் வெறும் பெயர்ப்பட்டியல் வேண்டா. படிப்பவன் கையாளத் தக்கதைச் சொல்லுங்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி கொத்தடிமைக் கடன் அற்றுப்போயிற்று. திருப்பிக் கட்ட வேண்டுவதில்லை. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனையே சாரும். மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ முறையிடலாம். விடுதலைச் சான்று பெறலாம். 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டம் வளர்ந்த ஆண்மகனுக்கு 1 இலக்கம், பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் 2 இலக்கம், கொடிய நிலைகளில் 3 இலக்கம் உருபா என்று வகுத்தது. முழுத்தொகை குற்றம் மெய்ப்பிக்கப்படுவதோடு பிணைக்கப்பட்டமையால் பலர்க்கு அது எட்டாக்கனியாயிற்று என்பதையும் சேர்த்தெழுதுக. பிள்ளைகள் பற்றிய முறையீட்டுக்கு 1098 என்னும் தொலைப்பேசி எண் கட்டுரையின் மேற்பகுதியிலேயே நிற்கட்டும்.

2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய குற்றச் சட்டத்திற்குத் தமிழன் வாயில் நுழையாத வடமொழிப் பெயர் சூட்டியுள்ளனர். அதன் 143ஆம் பிரிவு இக்குற்றத்திற்குரியது. 2013இல் திருத்தப்பட்ட பழைய 370ஆம் பிரிவோடு ஒப்பிட்டால் பிச்சையெடுக்க வைத்தல் புதிதாகச் சேர்ந்துள்ளது. கட்டாய உழைப்பு என்னுஞ் சொல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சூளைக்காரனின் வழக்குரைஞர் இந்த ஓட்டையைத்தான் தேடுவார்.

தொகைகளைக் கையாளும்போது விழிப்பாயிருங்கள். 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 2 கோடியே 76 இலக்கம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தனர் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022இல் வெளியிட்டது. அது மதிப்பீடு, தலையெண்ணிய கணக்கன்று. கட்டாய உழைப்பும் ஆள்வணிகமும் முற்றும் ஒன்றல்ல. காவல்துறை பதிந்த வழக்குத்தொகை வேறு. மூன்றையும் கலந்து ‘இத்தனை கோடிப் பேர் கடத்தப்பட்டனர்’ என்று எழுதுவோர், தெரிந்தோ தெரியாமலோ, எல்லாத் தொகையையும் ஐயத்திற்கு ஆளாக்குகின்றனர்.

பணிப்பங்கீடு முன்னரே செய்தாயிற்று. நூற்பாலைப் பகுதியைத் தோழியர் இருவரும், சட்டப் பகுதியை வழக்கறிஞர் தோழரும் ஏற்றுள்ளனர். எஞ்சியோர்க்கு ஒரு வேலை தருகிறேன். 1964ஆம் ஆண்டு உடன்பாட்டின்பின் இலங்கை மலையகத்தினின்று வந்து நீலமலையில் குடியேறிய முதியோரிடத்தும், சூளைகளிலும் ஆலைகளிலும் உழைப்போரிடத்தும் செல்லுங்கள். முன்பணத்தை அவர்கள் என்ன சொல்லால் குறிக்கின்றனர்? பிடித்தத்தை எப்படிச் சொல்கின்றனர்? ஆள் திரட்டுகிறவனுக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன? களஞ்சியத்திற்கு அச்சான சான்று வேண்டும். வாய்மொழியை அப்படியே ஏற்றவியலாது என்பது உண்மை. ஆயினும் அச்சொற்கள் வழிமாற்றாக அமைந்தால், தன் வாய்ச்சொல்லையே இட்டுத் தேடுகிற தொழிலாளியின் மகள் நேரே இக்கட்டுரைக்கு வந்துசேர்வாள். அடுத்த திங்கள் கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் பத்துச் சொல்லேனும் எழுதிக் கொணர்க.